கத்திரி வெயில்: பெயர் வந்த வழியும் நம் வகுப்பறையும்



போன வருடம் என் படிவம் நான்கு மாணவி ஒருத்தி 'எங்கள் ஊரில் மே மாதம்' என்று ஒரு பத்தி எழுதினாள். காலையில் புழுக்கம், மதியம் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்து இடி, பள்ளி முடியும் நேரத்தில் மழை, பேருந்து நிறுத்தத்தில் நனைந்த காலணி. இவ்வளவுதான் எழுதியிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்புப் பேனாவை எடுத்து, ஓரத்தில் "சித்திரை, வைகாசி என்றால் அக்னி நட்சத்திரம், கத்திரி வெயில் வர வேண்டாமா?" என்று எழுதி இரண்டு புள்ளி குறைத்துவிட்டேன்.

மறுநாள் அவள் வந்து கேட்டாள். "டீச்சர், கத்திரி வெயில்னா என்ன? கத்திரிக்காய்க்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" பக்கத்தில் நின்ற பையன், "கத்திரிக்கோல் மாதிரி குத்துமாம்" என்றான். எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்றேன்" என்றேன். தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். முதலில் பஞ்சாங்கம், பிறகு சொல்லின் வழி, அதன் பிறகு வெயில், கடைசியில் நம் சித்தியவான். இந்த வரிசையில் போகலாம்.

பஞ்சாங்கம் போடும் கணக்கு

கத்திரி என்று மக்கள் சொல்வதும் அக்னி நட்சத்திரம் என்று பஞ்சாங்கம் சொல்வதும் ஒரே காலத்தைத்தான். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வாக்கில் முடியும். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்பதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் இருக்கலாம். "மே மாதத்தில் வெயில் அதிகம், அதனால் இந்தப் பெயர் வந்தது" என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். உண்மையில் பஞ்சாங்கம் வெயிலைப் பார்த்து இந்தத் தேதியைக் குறிப்பதில்லை. சூரியன் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்று பார்த்துக் குறிக்கிறது.

கணக்கு எளிதுதான், மாணவர்கள் ஒரு தாளில் போட்டே பார்க்கலாம். வான்வட்டம் 360 பாகை. அதை 27 நட்சத்திரங்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 13 பாகை 20 கலை. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நான்கு பாதம். ஆக ஒரு பாதம் 3 பாகை 20 கலை. சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்தில் நுழையும்போது அக்னி நட்சத்திரம் ஆரம்பம். கார்த்திகை நான்கு பாதங்களையும் கடந்து, ரோகிணியின் முதல் பாதம் முடியும்போது நிவர்த்தி.

எண்ணிப் பாருங்கள். பரணியில் இரண்டு, கார்த்திகையில் நான்கு, ரோகிணியில் ஒன்று. மொத்தம் ஏழு பாதம். ஏழை 3 பாகை 20 கலையால் பெருக்கினால் 23 பாகை 20 கலை, அதாவது 1400 கலை. மே மாதத்தில் சூரியன் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 58 கலை நகர்கிறது. வகுத்தால் 24 நாளும் கொஞ்சமும் வரும். பத்திரிகைகளில் 'இருபத்தைந்து நாள் கத்திரி' என்று போடுவது இந்தக் கணக்கில்தான்.

தொடக்க நாளும் அப்படியே. சித்திரை முதல் நாள் சூரியன் மேஷத்தின் தொடக்கத்தில் இருக்கும். பரணி மூன்றாம் பாதம் தொடங்குவது மேஷத்தின் 20ஆம் பாகையில். அந்த இடத்துக்கு வர இருபது நாளுக்குச் சற்று மேல் ஆகும். ஏப்ரல் 14இலிருந்து எண்ணினால் மே 4 அல்லது 5. கணக்கு முழுவதிலும் வெப்பமானிக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எல்லா இடத்திலும் இந்த ஏழு பாதக் கணக்குத்தான் என்றும் சொல்ல முடியாது. பழனியில் சித்திரையின் கடைசி ஏழு நாளும் வைகாசியின் முதல் ஏழு நாளுமாகப் பதினான்கு நாள் அக்னி நட்சத்திர விழாவாக மலையை வலம் வருகிறார்கள். அதைச் 'சித்திரைக் கழு' என்பார்கள். திருவண்ணாமலை போன்ற சிவன் கோயில்களில் லிங்கத்தின் மேல் துளித்துளியாக நீர் விழும்படி தாராபிஷேகம் நடக்கும். ஆக, பெயர் ஒன்றாக இருந்தாலும் ஊருக்கு ஊர் நாளும் வழக்கமும் மாறும்.

'அக்னி' எங்கிருந்து வந்தது?

இந்தப் பாதி எளிது. நட்சத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வம் உண்டு. பரணிக்கு யமன், ரோகிணிக்குப் பிரஜாபதி, கார்த்திகைக்கு அக்னி. வேத காலப் பட்டியல்களிலேயே இது இருக்கிறது. அக்னியின் நட்சத்திரம் கார்த்திகை என்பதால் அது அக்னி நட்சத்திரம். இந்தப் பெயர் முதலில் குறித்தது வானத்து மீனைத்தான். சூரியன் அதன் அருகே வரும் காலத்துக்குப் பிறகு அதே பெயர் ஆகிவந்தது. இலக்கணத்தில் ஆகுபெயர் நடத்தும்போது இதை ஓர் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம்.

தமிழிலும் இந்த மீனுக்குப் பழைய பெயர்கள் உண்டு. ஆறு மீன் தெரிவதால் அறுமீன், இன்னொரு பெயர் ஆரல். புறநானூற்று 229ஆம் பாடலில் கூடலூர் கிழார் இதை 'அழல்' என்கிறார். அழல் என்றால் நெருப்பு. ஆகவே இந்த மீனை நெருப்போடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் சங்க காலத் தமிழிலேயே இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாடல் பங்குனி மாதத்தில் ஓர் இரவு வானில் கண்ட தீக்குறியைப் பற்றியது, கோடை வெயிலைப் பற்றியது அல்ல. மீனுக்கு நெருப்புப் பெயர் இருந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. கத்திரி வெயில் என்ற வழக்கு அப்போதே இருந்தது என்று அதைக் காட்டி எழுதக்கூடாது. தேர்வில் சிலர் அப்படி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

வேடிக்கை ஒன்று சொல்லட்டுமா? அக்னி நட்சத்திர நாட்களில் கார்த்திகை மீன் கண்ணுக்குத் தெரியாது. மே மூன்றாம் வாரத்தில் சூரியன் அதற்கு மிக அருகில் நிற்கும், அந்த ஒளியில் மீன் மறைந்துவிடும். ஜூனில்தான் விடியலுக்கு முன் கிழக்கில் மறுபடி தலைகாட்டும். அந்த மீனை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் கார்த்திகைத் தீபத்தன்று இரவு வெளியே வாருங்கள். முழுநிலவுக்குப் பக்கத்தில் சிறு கொத்தாக நிற்கும்.

'கத்திரி' எங்கிருந்து வந்தது?

விவாதம் இங்கேதான். நான் கேட்டவரையில் மூன்று விளக்கங்கள் மக்களிடம் இருக்கின்றன.

முதலாவது, என் மாணவி கேட்ட கத்திரிக்காய். அந்த வெயிலில் கத்திரிச் செடி வாடும் என்பார் சிலர், அப்போதுதான் நன்றாகக் காய்க்கும் என்பார் வேறு சிலர். ஒரே பெயருக்கு நேரெதிரான இரண்டு காரணம் சொல்லப்பட்டால், பெயர் முதலில் வந்து காரணம் பின்னால் தேடப்பட்டது என்று சந்தேகிக்கலாம். ஒலி ஒன்றாக இருப்பதைத் தவிர இதற்கு வேறு பிடிப்பு இல்லை.

இரண்டாவது, கார்த்திகை அல்லது கிருத்திகை என்ற சொல்லே பேச்சில் சிதைந்து கத்திரி ஆயிற்று என்பது. பொருள் பொருந்துகிறது, ஒலிதான் பொருந்தவில்லை. கிருத்திகை சிதைந்தால் கிருத்திய, கித்திகை, கத்திகை என்று ஆகலாம். கடைசியில் உள்ள 'கை' தேய்ந்து 'ரி' ஆவதற்குத் தமிழில் வழி இல்லை.

மூன்றாவது, 'கர்த்தரி' என்ற வடசொல். வடமொழியில் கர்த்தரி என்றால் கத்தரிக்கோல். நம் பஞ்சாங்கங்களிலேயே இந்த நாட்களுக்குக் 'கர்த்தரி ஆரம்பம்', 'கர்த்தரி நிவர்த்தி' என்று எழுதும் வழக்கம் உண்டு. கர்த்தரி தமிழில் கத்தரி ஆவது இயல்பு. மெய்யோடு சேர்ந்து வரும் ரகர ஒற்று விழுந்து அடுத்த எழுத்து இரட்டிக்கும். வர்த்தி, வத்தி ஆனது போல. சர்க்கரையை நாம் வீட்டில் சக்கரை என்பது போல. வடசொல் தமிழ் ஒலிக்கு ஏற்பத் திரிந்து வருவதைத் தற்பவம் என்று நன்னூல் வழியில் படிக்கிறோமே, அதுதான் இது. பிறகு கத்தரி, கத்திரி என்று இரண்டு வடிவமும் வழங்கும். கத்தரிக்கோல், கத்திரிக்கோல் இரண்டையும் நாம் எழுதுகிறோம் அல்லவா?

மூன்றாவதுதான் சரி என்று என்னை நம்பவைத்தது பக்கத்து மொழி. தெலுங்குப் பஞ்சாங்கத்திலும் பரணி மூன்றாம் பாதம் முதல் ரோகிணி முதல் பாதம் வரை உள்ள அதே ஏழு பாதங்களுக்குக் 'கர்த்தரி' என்றே பெயர். அதிலே சின்னக் கர்த்தரி, பெரிய கர்த்தரி என்ற பிரிவும், அக்னி கர்த்தரி என்ற பெயரும் உண்டு. தெலுங்கில் ரகர ஒற்று விழாமல் நிற்கிறது. தமிழ் வாய்மொழியில் விழுந்துவிட்டது. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே சோதிட மரபிலிருந்து ஒரே சொல்லை எடுத்திருக்கிறார்கள். கத்திரிக்காய் விளக்கம் தெலுங்குக்குச் சிறிதும் பொருந்தாது, அங்கே அந்தக் காய்க்குப் பெயரே வேறு.

சரி, சொல் வந்த வழி தெரிந்துவிட்டது. ஏன் கத்தரிக்கோல்? இதற்குத்தான் இன்னும் ஒரே முடிவு கிடையாது. சோதிடத்தில் 'பாபகர்த்தரி' என்று ஒரு யோகம் உண்டு. ஒரு வீட்டுக்கு முன்னும் பின்னும் பாவக் கிரகங்கள் நின்றால், இரண்டு அலகுக்கு நடுவே அகப்பட்டது போல என்று அதற்குப் பொருள். அதே முறையில், கார்த்திகைக்கு முன்னால் பரணியின் இரண்டு பாதமும் பின்னால் ரோகிணியின் ஒரு பாதமும் அலகுகளாக நிற்கின்றன என்று கொள்ளலாம். இன்னொரு வழி, கார்த்திகை மீனின் உருவத்தைச் சோதிட மரபு சவரக்கத்தி என்றே சொல்கிறது. கிருத்திகா என்ற பெயரையே 'வெட்டு' என்ற பொருளுள்ள வேரோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. வெட்டும் மீனுக்கு வெட்டும் கருவியின் பெயர். மூன்றாவதாக, இந்த நாட்களில் மரம் வெட்டக்கூடாது, கிணறு தோண்டக்கூடாது என்று ஒரு விலக்கு இருக்கிறது. வெட்டுக்கு விலக்கான காலம் என்பதால் வந்த பெயராகவும் இருக்கலாம்.

எனக்கு முதல் விளக்கம் அதிகம் பொருந்துகிறது. ஏழு பாதக் கணக்கு ஏன் கார்த்திகையோடு நின்றுவிடாமல் இரண்டு பக்கமும் நீளுகிறது என்ற கேள்விக்கு அது மட்டும்தான் பதில் சொல்கிறது. ஆனாலும் மாணவர்கள் தேர்வில் எழுதும்போது 'என்று கொள்ளலாம்', 'என்பர்' என்றே எழுதுங்கள். உறுதியானது சொல்லின் வடிவம், கர்த்தரி என்பது. உவமையின் காரணம் அப்படி இல்லை. இரண்டையும் பிரித்து எழுதத் தெரிந்தவருக்குத்தான் நான் முழுப் புள்ளி கொடுப்பேன்.

காண்டவ வனக் கதையையும் விட்டுவிட முடியாது. சுவேதகி என்ற அரசன் செய்த வேள்விகளில் நெய் உண்டு உண்டு அக்னிக்கு மந்தம் வந்தது, அதைத் தீர்க்கக் காண்டவ வனத்தை எரித்தான், கண்ணனும் அர்ச்சுனனும் துணை நின்றார்கள் என்பது மகாபாரதம். அந்த எரிந்த நாட்கள்தான் அக்னி நட்சத்திரம் என்று கோயில் சொற்பொழிவுகளில் கேட்டிருப்பீர்கள். கதை கோடையில் நடக்கிறது என்பது சரிதான். ஆனால் பரணி, ரோகிணி என்ற பாதக் கணக்கு அதில் இல்லை. பெயருக்குப் பின்னால் சேர்ந்த அழகான கதை என்று சொல்லி வகுப்பில் நடத்தலாம். 1988இல் மணிரத்னம் எடுத்த படத்தால் இந்தப் பெயரை அறிந்த பெற்றோரும் நம் ஊரில் நிறைய. அவர்களிடம் கேட்டுவரச் சொன்னாலும் பிள்ளைகள் சுவையாகச் செய்வார்கள்.

கணக்கும் வெயிலும் ஒத்துப்போகிறதா?

இப்போது வெயிலுக்கு வருவோம். நம் பாடநூலில் ஆறு பெரும்பொழுது படிக்கிறோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். உரையாசிரியர்கள் தரும் மாதக்கணக்கின்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். கத்திரியோ சித்திரைக் கடைசியிலும் வைகாசி முதல் பாதியிலும் விழுகிறது. அதாவது 'இளம்' வேனிலின் நட்டநடுவில். அனல் பறக்கும் கத்திரி இளவேனிலா? ஒரு மாணவர் எழுந்து இப்படிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பதிலின் ஒரு பகுதி நாட்காட்டியில் இருக்கிறது. நம் மாதங்கள் நட்சத்திரத்தை வைத்து எண்ணப்படுபவை. பருவங்களோ பூமியின் அச்சு சாய்வால் வருபவை. அச்சின் திசை மெல்ல மெல்லத் திரும்புவதால் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வித்தியாசம் விழுகிறது. இந்திய அரசு ஏற்றுக்கொண்ட கணக்கின்படி இரண்டும் ஒன்றாக இருந்தது கி.பி. 285இல். அன்று சித்திரை முதல் நாள், இன்றைய காலண்டரில் சொன்னால், மார்ச் 21 வாக்கில் இருந்தது. இன்று ஏப்ரல் 14. இருபத்து நான்கு நாள் தள்ளிப் போய்விட்டது. பழைய உரைகாரர்களின் இளவேனிலும் நம் சித்திரையும் முழுக்க ஒன்றல்ல.

இதே கணக்கைக் கத்திரிக்குப் போட்டுப் பார்த்தேன். கி.பி. 285 வாக்கில் அந்த ஏழு பாதங்களும் ஏப்ரல் 10 வாக்கில் தொடங்கி மே 4 வாக்கில் முடிந்திருக்கும். இனி ஒரு செய்தி. கன்னியாகுமரியில் சூரியன் நடுப்பகலில் நேர் தலைக்கு மேல் வருவது ஏப்ரல் 10 வாக்கில், சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில். நிழல் காலடியில் விழும் நாட்கள் அவை. அதாவது பழங்காலத்தில் சூரியன் தமிழகத்தின் தலைக்கு மேல் நடந்துபோன நாட்களும் இந்த ஏழு பாதங்களும் ஒன்றாகவே இருந்திருக்கும். இது என் கணக்கு மட்டும்தான். அந்தக் காலத்தில் கத்திரி என்ற சொல் இருந்தது என்று இதைக் கொண்டு நிறுவ முடியாது. ஆனால் நட்சத்திரக் கணக்கு எப்படி நகர்கிறது என்பதை மாணவர்களுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

இன்றைய வெயிலோ வேறு காரணங்களால் வருகிறது. மே மாதத்தில் நிலம் மாதக்கணக்கில் சூடேறிக் கிடக்கும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் வழக்கமான நாள் ஜூன் 1. அதற்கு முன் மேற்கிலிருந்து வீசும் வறண்ட தரைக்காற்று, சென்னைப் பக்கம் கடற்காற்று உள்ளே வருவதைத் தாமதப்படுத்தும். அதனால் வட கடலோரத்தில் உச்ச வெயில் மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும்கூட வரும். சென்னையில் பதிவான மிக அதிக வெப்பம் 45 டிகிரி செல்சியஸ், 2003 மே மாதம் கடைசி நாட்களில். பஞ்சாங்கப்படி அப்போது கத்திரி நிவர்த்தி ஆகிவிட்டது! கோயம்புத்தூரிலோ மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே வெயில் உச்சத்தைத் தொட்டுவிடும். ஆகவே தமிழ்நாட்டிலேயே எல்லா ஊருக்கும் இந்தச் சொல் ஒரே அளவில் பொருந்துவதில்லை. வானிலைத் துறையும் தன் கணிப்பில் இந்தச் சொல்லைக் கையாள்வதில்லை.

நம் சித்தியவானில் கத்திரி

அங்கேயே இப்படி என்றால், நமக்கு? சித்தியவான் நிலநடுக்கோட்டுக்கு நான்கு பாகை வடக்கே இருக்கிறது. நம் தலைக்கு மேல் சூரியன் வருவது மார்ச் முடியும்போது ஒரு முறை, செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு முறை. மே மாதத்தில் அது வடக்கே வெகுதூரம் போய்விட்டிருக்கும். நம் வானிலை ஆய்வுத் துறை ஆண்டை வடகிழக்குப் பருவக்காற்று, தென்மேற்குப் பருவக்காற்று, இரண்டுக்கும் இடையே இரு இடைக்காலங்கள் என்று பிரிக்கிறது. ஏப்ரல், மே மாதங்கள் இடைக்காலம். மேற்குக் கரையில் மாலை இடிமழை அதிகம் பெய்யும் காலம் அது. கத்திரி நாட்களில் நாம் குடை எடுப்பது மழைக்காகத்தான்.

வெயில் நமக்கும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. மலேசியாவில் பதிவான மிக அதிக வெப்பம் பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9ஆம் தேதி. 2016 ஏப்ரலில் பெர்லிஸிலும் கெடாவின் சில பகுதிகளிலும் வெயிலால் பள்ளிகளை மூடினார்கள். இரண்டுமே எல் நினோ ஆண்டுகள். ஆக நம் கடும்வெயில் மார்ச், ஏப்ரலில், அதுவும் சில ஆண்டுகளில்தான் அப்படி வருகிறது. நட்சத்திரம் பார்த்து வருவதில்லை.

பிறகு இந்தச் சொல் எப்படி நம்மிடம் இருக்கிறது? நம் முன்னோர் கொண்டுவந்தார்கள். ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையும் 1938இல் இந்தியா தடைபோடும் வரை ஓடியது. அந்தக் கப்பல்களில் வந்தவர்கள் தங்கள் சாமிகளோடும் மாதக்கணக்கோடும் ஆடி, ஐப்பசி, கத்திரி என்ற சொற்களையும் கொண்டுவந்தார்கள்.

என் பாட்டி ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவிப் பிழைத்தவர். தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை. மே மாதத்தில் லயத்து வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டே, "அங்க இப்ப கத்திரி ஆரம்பிச்சிருக்கும்" என்பார். சின்ன வயதில் எனக்கு அது ஏதோ திருவிழா என்று தோன்றும். இப்போது யோசித்தால், அவருடைய அம்மா சொன்னதை அவர் அப்படியே வைத்திருந்தார் என்று புரிகிறது. பாட்டியைப் பொறுத்தவரை கத்திரி வெயிலைக் குறிக்கும் சொல்லாக இல்லை. ஊரைக் குறிக்கும் சொல்லாக ஆகிவிட்டிருந்தது.

ஆனால் பாட்டிக்குச் சொந்தமாக ஒரு பருவக்கணக்கு இருந்தது. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை கொட்டும். துளிர் விட்டு முற்றும் வரை பால் குறையும். பால் குறைந்தால் கையில் காசும் குறையும். இலை கொட்டும் மாதம் என்றால் கடையில் கடன் ஏறும் மாதம் என்று அர்த்தம். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போகும்போது வானத்தைப் பார்ப்பார். இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்றைக்கு மரம் வெட்ட முடியாது, மங்கில் விழும் பாலையும் மழை அடித்துக்கொண்டு போய்விடும். வேலை இல்லை, சம்பளமும் இல்லை. ஐப்பசி அடைமழை என்ற சொல் இங்கே உயிரோடு நின்றதற்கு அதுதான் காரணம். அக்டோபர், நவம்பரில் நம் மேற்குக் கரையிலும் மழை அதிகம், தீபாவளிச் செலவு நெருங்கும் நேரத்தில் மழையால் வேலை போகும். தமிழ்நாட்டிலிருந்து வந்த சொல்தான், ஆனால் இந்த மண்ணிலும் அதற்குப் பொருள் கிடைத்தது. கத்திரிக்கு அப்படிக் கிடைக்கவில்லை.

வருத்தம் என்னவென்றால், நம் ஊரில் பொருள் இல்லாத கத்திரி கட்டுரை நூல்களில் பத்திரமாக இருக்கிறது. இந்த மண்ணில் பிறந்த பாட்டியின் கணக்கு எந்த நூலிலும் ஏறவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்து, மக்கள் பட்டணத்துக்குக் குடியேறிய பிறகு அந்தப் பேச்சும் தேய்ந்துவிட்டது. இன்றைய நம் பிள்ளைகளிடமும் பருவச் சொற்கள் உண்டு. 'புகைமூட்டம்' என்ற சொல்லைப் பாருங்கள். 1997, 2015 ஆண்டுகளின் புகைமூட்டத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. தமிழ்நாட்டு மாணவருக்கு அந்தச் சொல் நாம் அறிந்த பொருளைத் தராது.

வகுப்பறைக்குச் சில வழிகள்

கத்திரி வெயிலைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலக்கியத்திலும் செய்தியிலும் வரும் சொல், மாணவர்கள் அறிந்திருக்கத்தான் வேண்டும். எங்கே, எப்போது என்பதையும் சேர்த்துக் கற்பிப்போம் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஒன்று, கத்திரி என்ற சொல் வரும்போது ஏழு பாதக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். பத்து நிமிடம் போதும். சொல்லை வைத்தே ஆகுபெயரும் தற்பவமும் நடத்திவிடலாம்.

இரண்டு, சொல் வந்த வழி பற்றி எழுதச் சொல்லும்போது மூன்று விளக்கத்தையும் தந்து, எதற்குச் சான்று இருக்கிறது, எது ஒலி ஒற்றுமை மட்டும், எது பின்னால் சேர்ந்த கதை என்று பிரிக்கச் சொல்லுங்கள். கருத்து விளக்கக் கட்டுரைக்கு நல்ல பயிற்சி.

மூன்று, வீட்டுப் பெரியவர்களிடம் 'தோட்டத்தில் எந்த மாதத்தை எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிவரச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள். எழுத்துத் தமிழாக மாற்றவும் வேண்டாம். யாருடைய சொல், எந்தத் தோட்டம், எந்த வேலையோடு சேர்ந்தது என்று பக்கத்தில் குறித்தால் போதும்.

நான்கு, மாணவர்களுக்கு. 'உங்கள் ஊரில்' என்று வினாத்தாள் கேட்டால் உங்கள் ஊரையே எழுதுங்கள். தமிழ்நாட்டை வருணிக்கும் சூழல் வந்தால் கத்திரியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இரண்டையும் கலந்து, சித்தியவானில் மே மாதம் அனல் பறந்தது என்று எழுதினால், படிக்கும் ஆசிரியர் வெளியே எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்த மாணவியின் தாளைத் திரும்ப வாங்கி, நான் எழுதியதை அடித்துவிட்டு, இரண்டு புள்ளியையும் கூட்டிப் போட்டேன். "அப்ப நான் எழுதினது சரியா டீச்சர்?" என்றாள். "நீ எழுதினது நம்ம ஊரு. நான் எழுதினது அங்க" என்றேன். "அங்கன்னா எங்க?" என்று கேட்டாள். பாட்டியைப் பற்றிச் சொன்னேன். அன்று மாலையும் மழைதான். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு அவள் தன் பாட்டிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள், "ஆயா, தோட்டத்துல மழை மாசத்த என்ன சொல்லுவீங்க?" என்று.